பச்சைக் குறி எந்த ஃபோல்டருக்கு? வேலூர் வரி அலுவலகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில், 2023 ஜூன் முதல் நவம்பர் வரையிலான கணக்கு வேலை முழுவதும் ஒரே ஒரு யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் இருந்தது. அங்கே வேலை செய்த நான்கு பேரும் அது கிளவுடிலும் இருக்கிறது என்றே நம்பினார்கள். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. கணினித் திரையின் வலது கீழ் மூலையில் அந்தச் சேவையின் சின்னம் பச்சைக் குறியோடு நாள் முழுவதும் தெரிந்தது. தீபாவளி முடிந்த வாரத்தில், மாதாந்திர ஜி.எஸ்.டி. படிவமான ஜி.எஸ்.டி.ஆர். 3பி தாக்கல் செய்யக் கடைசி நாளான 20-ஆம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தபோது, டிஸ்க் திறக்க மறுத்தது.

நான் அந்த அலுவலகத்தின் வழக்கமான கணினிப் பராமரிப்பாளன் அல்லன். டிஸ்க் நின்ற பிறகு அழைக்கப்பட்டவன். அலுவலகத்தின் பெயரையும் கிளவுட் சேவையின் பெயரையும் இங்கே சொல்லவில்லை. வெளி ஹார்ட் டிஸ்க்கோடு ஒத்திசைப்பதை, அதாவது அங்கும் கிளவுடிலும் கோப்புகளை ஒன்றுபோல வைத்திருப்பதை, பல சேவைகள் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு வழிகளில் நிறுத்தியிருக்கின்றன. அவற்றில் எதோடு வேண்டுமானாலும் இது நடந்திருக்கலாம்.

அலுவலகமும் அதன் டிஸ்க்கும்

எல்லோரும் "ஆடிட்டர் சார்" என்று அழைத்தாலும் அவர் சி.ஏ. படித்தவர் அல்லர், நெடுங்கால அனுபவமுள்ள வரி ஆலோசகர். மூத்த கணக்கர் அம்மா ஒருவர், டாலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவு செய்ய இரண்டு இளைஞர்கள். வாடிக்கையாளர்கள் மூன்று மாவட்டங்களில் பரவியிருக்கிறார்கள்: ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கக் கொடுத்து வாங்குபவர்கள், குடியாத்தத்தில் லுங்கி வியாபாரிகள், ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ரசாயனம் விற்பவர்கள், வேலூர் நேதாஜி மார்க்கெட்டின் மண்டிக்காரர்கள். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் ஆடிட்டர் சார் தம் ஃபோல்டர்களைப் பிரிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ஃபோல்டரின் பெயர் "வ.ஆ.". 1989-இல் வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிவதற்கு முன்பே அலமாரியில் ஒட்டிய சீட்டு அது. அலமாரியிலிருந்து கணினிக்கு வந்துவிட்டது.

வெளி டிஸ்க் வந்த கதையும் பலர் வீட்டில் நடந்ததுதான். கணினி மெதுவாகிவிட்டது என்று பழைய 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போட்டார்கள். வேகம் வந்தது, இடம் போனது. ஸ்கேன் செய்த பில்களே அதற்குள் அடங்கவில்லை. 2 டி.பி. வெளி டிஸ்க் ஒன்றை வாங்கி, கிளவுட் சேவையின் ஃபோல்டரை அதில் அமைத்துக்கொண்டார்கள். அப்போது அந்தச் செயலி எந்த டிரைவில் வைக்கச் சொன்னாலும் கேட்டது. ஆடிட்டர் சாரின் மகள் பெங்களூரில் வேலை செய்பவர். அவருடைய மடிக்கணினி ஆப்பிள். விடுமுறைக்கு வரும்போது அதிலும் டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக அது எக்ஸ்ஃபேட் வடிவில் ஃபார்மட் செய்யப்பட்டிருந்தது. விண்டோஸ், மேக் இரண்டும் எக்ஸ்ஃபேட்டைப் படிக்கவும் எழுதவும் செய்யும், விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். வடிவை மேக் படிக்கும், ஆனால் கூடுதல் மென்பொருள் இல்லாமல் அதில் எழுதாது. மகள்தான் கிளவுட் கணக்கையும் தம் மின்னஞ்சல் முகவரியில் தொடங்கிக் கொடுத்திருந்தார். இந்தச் சிறிய உதவி பின்னால் பெரிதானது.

ஜூன் மாதத்துப் பெட்டிச் செய்தி

சேவை நிறுவனம் சொல்லாமல் எதையும் செய்துவிடவில்லை. மகளின் அஞ்சல் பெட்டியைத் தேடியபோது அறிவிப்புகள் கிடைத்தன. புதிய பதிப்பு வெளி டிஸ்க்குகளில் உள்ள ஃபோல்டரை ஆதரிக்காது, கணினியின் உள் டிரைவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். விளம்பர அஞ்சல்களோடு அது ஒதுங்கிக் கிடந்தது. ஒன்றை அவர் திறந்தும் பார்த்திருக்கிறார். "அலுவலகக் கணினியிலும் இதே செய்தி வரும், அங்கே யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்" என்றார். அவர் நினைத்தது சரிதான். அலுவலகக் கணினியிலும் வந்தது.

செயலி தன்னைப் புதுப்பித்துக்கொண்ட காலையில் திரையில் ஒரு பெட்டி திறந்தது. இப்போதுள்ள இடம் இனி ஆதரிக்கப்படாது, பரிந்துரைக்கும் இடத்தில் தொடரலாமா என்பதுதான் கேள்வி. அன்று ஜூன் 20-ஐ ஒட்டிய நாள். இளைஞர் "தொடர்க" பொத்தானை அழுத்திவிட்டு வேலையைப் பார்த்தார். செயலி கணினிக்குள் இருக்கும் சி டிரைவில் புதிய ஃபோல்டர் ஒன்றை உருவாக்கியது. கிளவுடில் இருந்த கோப்புகள் அனைத்தும் அதில் பெயரளவில் தோன்றின, திறந்தால்தான் இறங்கும். வெளி டிஸ்க்கான ஈ டிரைவில் இருந்த பழைய ஃபோல்டர் அப்படியே இருந்தது, ஒரு வேறுபாட்டோடு: அதை இனி யாரும் கவனிக்கவில்லை.

டெஸ்க்டாப்பில் இருந்த குறுக்குவழி ஈ டிரைவுக்கே போனது. டாலியின் தரவுப் பாதையும் ஈ டிரைவையே காட்டியது. ஸ்கேனர் ஈ டிரைவிலேயே சேமித்தது. ஆகவே வேலை முழுவதும் பழைய இடத்தில் நடந்தது. செயலியோ யாரும் தொடாத சி டிரைவ் ஃபோல்டரைக் காவல் காத்தது. அங்கே மாற்றம் எதுவும் இல்லை, அதனால் எல்லாம் ஒத்திசைந்துவிட்டது என்று பச்சைக் குறி போட்டது. அந்தக் குறி பொய் சொல்லவில்லை. ஆனால் எந்த ஃபோல்டரைப் பற்றிச் சொல்கிறது என்பதைச் சொல்லவில்லை.

இடையில் ஓர் அறிகுறி தென்பட்டிருக்கிறது. செப்டம்பரில் ஆடிட்டர் சார் ஒரு திருமணத்துக்கு ஆற்காடு போயிருந்தபோது, வாடிக்கையாளர் ஒருவரின் ஜூலை மாதத் தாக்கல் நகலைக் கைப்பேசியில் தேடினார். கிடைக்கவில்லை. அலுவலகத்துக்கு அழைத்தார். கணக்கர் அம்மா உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். "எனக்கு வேண்டியது வந்துவிட்டது தம்பி, ஏன் அங்கே இல்லை என்று நான் கேட்கவேயில்லை" என்று அவரே என்னிடம் சொன்னார். அந்தக் கேள்வியை அன்று கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

மூலம் யாரிடம் இருக்கிறது

சேவைகள் ஏன் இப்படிச் செய்கின்றன? வெளி டிஸ்க் வைத்திருப்பவர்களை மேலும் இடம் வாங்க வைக்கும் தந்திரம் என்று இளைஞர்களில் ஒருவர் அடித்துச் சொன்னார். லாப நட்டக் கணக்குப் பார்க்காமல் எந்த நிறுவனமும் முடிவெடுக்காது என்பது உண்மையே. ஆனால் தொழில்நுட்பக் காரணங்கள் இதில் கனமானவை. அவற்றைப் புரிந்துகொள்ளாமல் மாற்று ஏற்பாடு செய்தால் அதே பள்ளத்தில் மீண்டும் விழ நேரும்.

சொத்து வாங்கியவர்களுக்கு மூலப் பத்திரத்துக்கும் நகலுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். இந்த அலுவலகத்தைப் பொறுத்தவரை டிஸ்க்கில் இருந்தது மூலம். கிளவுடில் இருந்தது பாதுகாப்புக்கான நகல். 2008-இல் டிராப்பாக்ஸ் என்ற கிளவுட் சேவை பொதுமக்களுக்கு வந்தபோது இப்படி நினைப்பதில் பெரிய பிழை இல்லை. கணினியில் ஒரு ஃபோல்டர் முழுமையாக இருக்கும், அதன் படி இணையத்திலும் இருக்கும். பிறகு மடிக்கணினிகளில் சிறிய எஸ்.எஸ்.டி.க்கள் வந்தன, கிளவுட் கணக்குகளின் அளவு கணினியின் அளவைத் தாண்டியது. 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பில், கோப்பின் பெயரை மட்டும் கணினியில் காட்டி, திறக்கும்போது இறக்கித் தரும் வசதியை மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான ஒன்டிரைவ் கொண்டுவந்தது. அந்த இடத்திலிருந்து மூலம், நகல் இரண்டின் நிலையும் தலைகீழாகிவிட்டது. சேவையின் பார்வையில் மூலம் இப்போது கிளவுடில். உங்கள் கணினியில் இருப்பது வேண்டும்போது இறக்கி, இடம் வேண்டுமென்றால் நீக்கிக்கொள்ளக்கூடிய தற்காலிகப் படி.

பெயரை மட்டும் காட்டும் இந்த வித்தைக்குக் கோப்பு முறைமையின், அதாவது டிஸ்க் ஃபார்மட் செய்யப்பட்ட வடிவின், ஒத்துழைப்பு வேண்டும். என்.டி.எஃப்.எஸ். வடிவில், ஒரு கோப்பின் மேல் சிறப்புக் குறி ஒன்றை வைத்து "இதைத் திறக்கும்போது இந்தச் செயலியைக் கேள்" என்று விண்டோஸுக்குச் சொல்ல முடியும். எந்தக் கோப்பு எப்போது மாறியது என்ற தொடர் பதிவேடும் அதில் உண்டு. எக்ஸ்ஃபேட்டில் இரண்டும் இல்லை. 2017 ஜூலையில், எக்ஸ்ஃபேட், ஃபேட்32 டிஸ்க்குகளில் ஃபோல்டர் வைத்திருந்த ஒன்டிரைவ் பயனர்களுக்குத் திடீரென்று பிழைச் செய்தி வந்தது. என்.டி.எஃப்.எஸ். தேவை என்பது முன்பே இருந்த விதிதான், எச்சரிக்கைச் செய்தி மட்டும் விடுபட்டிருந்தது என்று மைக்ரோசாஃப்ட் விளக்கியது. டிராப்பாக்ஸ் 2018 நவம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தில் எக்ஸ்ட்4 தவிர்த்த பெரும்பாலான கோப்பு முறைமைகளைக் கைவிட்டது. எதிர்ப்பு வலுத்த பின் 2019 ஜூலையில் இசட்.எஃப்.எஸ்., பி.டி.ஆர்.எஃப்.எஸ். முதலிய சிலவற்றைத் திரும்பச் சேர்த்தது. கூகுள் தன் பழைய "பேக்கப் அண்ட் சிங்க்" செயலியை 2021 அக்டோபரில் நிறுத்திவிட்டு வேறொன்றுக்கு மாறச் சொன்னது.

ஆப்பிள் பக்கத்தில் முடிவு சேவை நிறுவனங்களின் கையிலேயே இல்லை. அவர்கள் மேக் ஓ.எஸ்.ஸின் ஆழத்தில் தங்கள் நிரலைச் செருகிக் கோப்புகளைக் கண்காணித்து வந்தார்கள். 2022 மார்ச்சில் வந்த 12.3 பதிப்பில் ஆப்பிள் அந்த வழியை அடைத்து, ஃபைல் புரொவைடர் என்ற தன் சொந்த வழியைக் காட்டியது. அந்த வழியில் போனால் ஃபோல்டர் பயனரின் லைப்ரரிக்குள் ஆப்பிள் ஒதுக்கிய இடத்தில்தான் இருக்க முடியும். டிராப்பாக்ஸின் புதிய மேக் பதிப்பில் வெளி டிஸ்க் ஆதரவு இப்படித்தான் போனது. 2024-இல் வந்த மேக் ஓ.எஸ். 15-இல் ஆப்பிள் வெளி டிஸ்க்குக்கு வழிவிட்டது, அதுவும் ஆப்பிளின் ஏ.பி.எஃப்.எஸ். வடிவில், குறியாக்கம் செய்யப்பட்ட டிஸ்க்காக இருந்தால் மட்டும். விண்டோஸுக்கும் மேக்குக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று எக்ஸ்ஃபேட் வைத்திருப்பவர்களுக்கு அதிலும் இடமில்லை.

எனக்கு எல்லாவற்றிலும் வலுவாகப் படும் காரணம் இன்னும் எளியது. வெளி டிஸ்க் என்பது கழற்றப்படும் பொருள். ஒத்திசைவுச் செயலி விழித்துப் பார்க்கும்போது ஃபோல்டரில் ஒன்றுமே இல்லை என்றால், டிஸ்க்கைக் கழற்றிவிட்டார்களா, எல்லாவற்றையும் அழித்துவிட்டார்களா? அழித்துவிட்டார்கள் என்று முடிவு செய்தால் கிளவுடிலும் அழித்துவிடும். அதே கணக்கில் இருக்கும் மற்றக் கணினிகளிலும் அழித்துவிடும். இதைத் தடுக்க மறைவுக் கோப்புகளை அடையாளமாக வைப்பது, பெருமளவில் அழிந்தால் நிறுத்திக் கேட்பது என்று பல காவல்கள் உண்டு. விண்டோஸில் இன்னொரு சிக்கல்: முதலில் பென் டிரைவைச் செருகிவிட்டுப் பிறகு டிஸ்க்கைச் செருகினால், ஈ என்ற எழுத்து பென் டிரைவுக்குப் போய்விடலாம். சத்துவாச்சாரி அலுவலகத்தில் இது நடந்திருக்கிறது. வாடிக்கையாளர் கொண்டுவந்த பென் டிரைவ் ஈ ஆகிவிட்டது, டிஸ்க் எஃப் ஆகிவிட்டது, டாலி கம்பெனி இல்லை என்றது. அப்போது கிளவுட் செயலியும் ஃபோல்டரைக் காணவில்லை என்று முறையிட்டது. கணினியை அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தத் தொல்லைகளை ஏற்றுக்கொண்டு வெளி டிஸ்க்கை ஆதரிக்க ஒரு நிறுவனம் கடமைப்பட்டதல்ல. அந்த அளவில் நான் அவர்கள் பக்கம். ஆனால் பழைய ஃபோல்டர் இன்னும் கணினியில் செருகியிருக்கும் டிஸ்க்கில் இருக்கிறது, அதில் நேற்றுவரை மாற்றங்கள் நடந்திருக்கின்றன என்பது செயலிக்குத் தெரியும். அதற்கு மேலும் "தொடர்க" என்ற ஒரே அழுத்தில் புதிய இடத்துக்குக் குடிபெயர்ந்து பச்சைக் குறி போடுவது சோம்பேறித்தனமான வடிவமைப்பு. பழைய ஃபோல்டரின் பெயரை மாற்றியிருக்கலாம். அல்லது அதில் "இது இனி ஒத்திசையாது" என்று ஒரு கோப்பையாவது போட்டிருக்கலாம். குறுக்குவழி உடைந்திருந்தால் அன்றே விஷயம் வெளியே வந்திருக்கும்.

ரப்பர் பேண்ட்

டிஸ்க் ஏன் நின்றது என்பதைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. இந்த வகை டிஸ்க்குகளில் கேபிள் செருகும் இடம் அகலமும் மெல்லியதுமான முனை. நாள்தோறும் செருகிக் கழற்றினால் சில ஆண்டுகளில் ஆட்டம் காணும். ஆட்டம் கண்ட முனையை டிஸ்க்கோடு சேர்த்து இரண்டு ரப்பர் பேண்டுகளால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒன்று வேலூர் வெயிலில் இளகி டிஸ்க்கின் மூடியில் ஒட்டிப்போயிருந்தது. மேசையை யாராவது தட்டினால் இணைப்பு அறுந்து, மீண்டும் ஒட்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது அறுந்தால் என்.டி.எஃப்.எஸ். தன் பதிவேட்டை வைத்து ஓரளவு தன்னைச் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டில் அந்தப் பதிவேடு கிடையாது. அத்துடன் டிஸ்க்கில் படிக்க முடியாத பகுதிகளும் உருவாகியிருந்தன.

டிஸ்க்கைச் செருகியதும் விண்டோஸ், ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா என்று கேட்டது. நல்லவேளை, "ரத்து" பொத்தானை அழுத்தினார்கள். ஜூனில் "தொடர்க" அழுத்திய அதே இளைஞர்தான். பிறகு பழுது பார்க்கும் கட்டளையை ஓட்டச் சொல்லி ஒருவர் தொலைபேசியில் அறிவுரை தந்திருக்கிறார். நான் போவதற்குள் அதை ஓட்டாமல் இருந்தது இரண்டாவது நல்லது. படிக்க முடியாத பகுதிகள் உள்ள டிஸ்க்கில் அந்தக் கட்டளை எழுதவும் தொடங்கிவிடும். மிச்சம் இருப்பதும் கலைந்துவிடும். வெளியுறையைப் பிரித்து உள்ளே இருக்கும் டிஸ்க்கை நேராகக் கணினியில் செருகலாமே என்பார்கள். இந்த டிஸ்க்கில் யு.எஸ்.பி. முனை உள்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. அந்த வழி இல்லை. முனையைச் சரியாகப் பற்றவைத்த பிறகுதான் அடுத்த வேலை.

லினக்ஸில் டி.டி.ரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியால் டிஸ்க் முழுவதையும் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்தேன். எளிதில் படிக்க முடிந்த பகுதிகளை அது முதலில் எடுத்துக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் பகுதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில் திரும்ப வரும். எது வரை முடிந்தது என்பதைத் தனிக் கோப்பில் எழுதிக்கொண்டே போவதால் பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நகல் ஓடிக்கொண்டிருந்தபோதே அந்தப் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வந்தது. யு.பி.எஸ். அரை மணி நேரம் தாங்கியது. மின்சாரம் வந்ததும் கருவி பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டது.

நகலில் பாதிக்கு மேல் ஃபோல்டர் அமைப்போடு கிடைத்தது. மீதியைப் போட்டோரெக் என்ற மீட்புக் கருவி கொண்டு எடுக்க வேண்டியிருந்தது. அது கோப்பின் தொடக்க அடையாளத்தைப் பார்த்து "இது பி.டி.எஃப்., இது ஜேபெக்" என்று பிரித்துத் தரும், பெயரும் ஃபோல்டரும் போய்விடும். ஆயிரக்கணக்கான பி.டி.எஃப். கோப்புகள் வெறும் எண்களைப் பெயராகக் கொண்டு வரிசையாக நின்றன. கணக்கர் அம்மா ஒவ்வொன்றாகத் திறந்தார். லெட்டர்ஹெட் தெரியாத செல்லான்களைக்கூட, அதாவது பொருளோடு போகும் சீட்டுகளைக்கூட, கையெழுத்தை வைத்தே அடையாளம் சொன்னார்: "இது பேரணாம்பட்டுக்காரர், 7-ஐக் குறுக்குக் கோடு போட்டு எழுதுவார்." மென்பொருளால் செய்ய முடியாத வேலை அது. டாலித் தரவுக்கு இந்த வழி பயன்படவில்லை. டாலியில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டர் உண்டு. அதற்குள் இருக்கும் பல கோப்புகளும் ஒன்றோடு ஒன்று பொருந்தினால்தான் திறக்கும். தனித்தனியாகக் கிடைத்த துண்டுகளை வைத்து ஒன்றும் செய்ய இயலவில்லை.

திரும்பி வந்ததும் வராததும்

நவம்பர் 20 தப்பியது. விற்பனை விவரம் ஜி.எஸ்.டி.ஆர். 1 படிவம் வழியாக ஏற்கெனவே ஜி.எஸ்.டி. தளத்தில் ஏறியிருந்தது. கொள்முதலுக்கான வரி வரவு, தளமே தயாரிக்கும் 2பி அறிக்கையில் இருந்தது. இரண்டையும் இறக்கி 3பி போட்டுவிட்டார்கள். அரசுத் தளம் இந்த நிகழ்வில் எதிர்பாராத பேக்கப்பாக இருந்தது. ஆனால் தளத்தில் இருப்பது தொகுப்பு மட்டுமே. செலவுச் சீட்டு, ரொக்கப் புத்தகம், கடன்காரர் நிலுவை எதுவும் அங்கே இல்லை. 2022-23-க்கான ஆண்டுக் கணக்கு டிசம்பர் 31-க்குள் போக வேண்டும். அதற்கான வேலைத் தாள்கள் முழுவதும் டிஸ்க்கில் இருந்தன.

தோல் தொழில்காரர்களின் செல்லான்கள்தான் தலைவலி. ஆம்பூரில் ஒருவர் தோலை வெட்டி, அப்பர் தைக்க வெளியே கொடுத்தால், பொருளோடு செல்லான் போக வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி, அப்படிப் போன மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்கப்படும். அனுப்பியதையும் வந்ததையும் ஐ.டி.சி. 04 படிவத்தில் காட்ட வேண்டும்; ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் இருந்தால் ஆண்டுக்கு இருமுறை, அதற்குள் என்றால் ஒருமுறை. இந்த அலுவலகத்தின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஒருமுறைக்காரர்கள். அதாவது, ஜூன் முதல் நவம்பர் வரை சேர்ந்த செல்லான்கள் எதுவும் இன்னும் படிவத்தில் ஏறியிருக்கவில்லை. ஸ்கேன் செய்த படங்கள் மட்டும் இருந்தன, அவையும் எண்களாகிவிட்டன.

காப்பாற்றியது மஞ்சள் பை. ஆம்பூர், பேரணாம்பட்டு வாடிக்கையாளர்கள் மாதக் கடைசியில் பில்களையும் செல்லான்களையும் ஜவுளிக்கடை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். ஆண்டுக் கணக்கு முடியும்வரை பையைத் திருப்பித் தருவதில்லை என்பது கணக்கர் அம்மாவின் விதி. ஸ்கேன் செய்த பிறகு தாள் எதற்கு, இடத்தை அடைக்கிறது என்று இளைஞர்கள் பலமுறை கேட்டிருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும் என்பது அம்மாவின் பதில். பைகள் எல்லாம் அலமாரியின் மேல் இருந்தன. டாலிப் பதிவுகளை அவற்றிலிருந்து மறுபடியும் அடித்தார்கள். அதற்காக இரண்டு மாதங்களுக்குத் தற்காலிகமாக ஒருவரை வேலைக்கு வைத்தார்கள். நேதாஜி மார்க்கெட்டின் சிறு வியாபாரிகள் பலர் பையை வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அவர்களில் சிலருடைய ரொக்கப் பதிவுகள் திரும்பவில்லை.

ஒரு வாடிக்கையாளர் பிரைவேட் லிமிடெட் கம்பெனி. கம்பெனிகளின் கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி, மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப், இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் நாள்தோறும் எடுக்கப்பட வேண்டும். அதுவரை "அவ்வப்போது" என்றுதான் இருந்தது. வெளி டிஸ்க்கில் இருக்கும் ஒரே படி எந்த வகையிலும் அந்த விதிக்குள் வராது. அந்தக் கம்பெனி தன் கணக்கைத் தன் இடத்திலேயே டாலியில் வைத்திருந்ததால் தப்பியது. அலுவலகத்தின் சாமர்த்தியம் அதில் ஒன்றுமில்லை.

மாற்று ஏற்பாடு

இளைஞர் ஒரு வழியைத் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தார். வெளி டிஸ்க்கை என்.டி.எஃப்.எஸ். ஆக்கி, சி டிரைவுக்குள் ஒரு ஃபோல்டராகத் தோன்றும்படி இணைத்துவிட்டால் செயலி அதை உள் டிரைவு என்று நம்பிவிடும் என்றார். சில சேவைகளில் அது ஓடவும் செய்யும். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சேவை ஆதரிக்க மறுப்பதை ஏமாற்றி ஓட வைத்தால், அடுத்த புதுப்பிப்பில் என்ன ஆகும் என்று கேட்க ஆள் இல்லை. டிஸ்க் கழன்ற அன்று அந்த ஃபோல்டர் வெறுமையாகத் தெரிந்தால் செயலி என்ன முடிவெடுக்கும் என்பதும் மேலே சொன்ன அதே கேள்விதான். நீக்கியவற்றைத் தனிநபர் கணக்குகளில் பெரும்பாலும் 30 நாட்கள்தான் வைத்திருப்பார்கள். ஐந்து மாதம் கவனிக்காத அலுவலகத்துக்கு 30 நாட்கள் எந்த மூலைக்கு?

கணினிக்குள் 1 டி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று கூடுதலாக ஏறியது. கிளவுட் ஃபோல்டர் அங்கே, என்.டி.எஃப்.எஸ். வடிவில், எல்லாக் கோப்புகளும் எப்போதும் கணினியிலும் இருக்கும்படி அமைக்கப்பட்டது. டாலித் தரவு கிளவுட் ஃபோல்டருக்கு வெளியே போனது. திறந்து வேலை செய்துகொண்டிருக்கும் தரவுக் கோப்பை ஒத்திசைவுச் செயலி பாதியில் எடுத்துப்போனால் பொருந்தாத படிகள் உருவாகும். மாலையில் டாலியிலேயே பேக்கப் எடுத்து, அந்தக் கோப்பை மட்டும் கிளவுட் ஃபோல்டரில் போட வேண்டும். பழைய கணக்கு மகளின் பெயரிலிருந்து அலுவலக மின்னஞ்சலுக்கு மாறியது; அறிவிப்புகள் இருவருக்குப் போகும்.

வெளி டிஸ்க் ஒழியவில்லை. இரண்டு புதிய டிஸ்க்குகள் வாரம் மாற்றி வாரம் நகல் வாங்குகின்றன. ஒன்று அலுவலகத்தில் இருந்தால் மற்றொன்று பாலாற்றுக்கு அப்பால் காட்பாடியில் ஆடிட்டர் சாரின் வீட்டில் இருக்கும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததைப் பார்த்தவர்களுக்கு இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க மனம் வராது. மூன்று படி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்ற கணக்கைப் புகைப்படக் கலைஞர் பீட்டர் கிரோக் பரப்பினார். இங்கே அது தானாகவே அமைந்துவிட்டது. நகல் எடுக்கும்போது "மிரர்" விருப்பத்தைப் பயன்படுத்தவில்லை. அது மூலத்தில் அழிந்ததை நகலிலும் அழித்துவிடும்.

உங்கள் அலுவலகத்திலும் வெளி டிஸ்க்கில் கிளவுட் ஃபோல்டர் இருந்தால், சின்னத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டாம். இன்றைய தேதியைப் பெயராக வைத்து அந்த டிஸ்க்கில் ஒரு சிறு கோப்பைச் சேமியுங்கள். பத்து நிமிடம் கழித்து, வைஃபையை அணைத்துவிட்டுக் கைப்பேசியில் அதைத் திறந்து பாருங்கள். பேக்பிளேஸ் போன்ற பேக்கப் சேவைக்கு மாறுபவர்களும் அதன் விதியைப் படித்துவிட்டு மாறுங்கள்: 30 நாள் பதிப்பு வரலாறு உள்ள கணக்கில், வெளி டிஸ்க்கை 30 நாட்களுக்கு மேல் இணைக்காமல் விட்டால் அதன் படி அங்கிருந்தும் போய்விடும்.

சத்துவாச்சாரியில் மாதத்தின் முதல் சனிக்கிழமை கணக்கர் அம்மா ஏதேனும் ஒரு வாடிக்கையாளரைச் சொல்வார். அவருடைய கோப்புகளைக் கிளவுடிலிருந்தும் வெளி டிஸ்க்கிலிருந்தும் வேறொரு கணினியில் இறக்கித் திறக்க வேண்டும். பிப்ரவரியில் குடியாத்தம் லுங்கி வியாபாரி ஒருவரின் டாலிப் பேக்கப் திறந்தது, ஆனால் கடைசி நாள் வவுச்சர்கள் இல்லை. பக்கத்து மேசையில் பதிவு முடிவதற்கு முன்பே பேக்கப் எடுத்திருந்தார்கள். இப்போது இரு மேசைகளிலும் டாலியை மூடிய பிறகு, இரவு எட்டு மணிக்கு எடுக்கிறார்கள்.